உப்புத் தண்ணியில் ஊறினதைத் தேய்த்த கதை

இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல கூட்டித் துடைக்கிற வேலைன்னா, எது அழுக்கு எது ஆராய்ச்சின்னு நாமதான் கண்டுபிடிக்கணும்; துடைப்பம் பிடிச்ச உங்களுக்குத் தெரியாததா?

ஊர்ல இல்லாத கடல்

ரேவதின்னு ஆராய்ச்சி பண்ற பொண்ணு. அலுமினியத்தை உருக்கி, ஏதோ கல்லுத் தூள் கலந்து, காசு அளவுக்கு வெட்டி வெச்சிருந்தா. பாதித் துண்டை உலையில காய்ச்சியாச்சு, மீதி அப்படியே. எல்லாத்தையும் கண்ணாடிக் குவளையில உப்புத் தண்ணி ஊத்தி முப்பது நாளைக்கு ஊறப் போட்டுட்டா. கடல் தண்ணி எதை ஜாஸ்தி அரிக்குதுன்னு பார்க்கணுமாம். திருவண்ணாமலையில கடல் ஏதும்மான்னு கேட்க எனக்கு மூணு நாள் கூச்சம்; நாலாம் நாள் கேட்டுட்டேன்.

“அதான்க்கா ரெண்டு பாக்கெட் உப்பு வாங்கியிருக்கேன்.”

என் கைவரிசை

இருபதாம் நாள் துண்டெல்லாம் வெள்ளையா பூத்துப்போச்சு. மறுநாள் பெரியவங்க பார்வையிட வர்றாங்க, லேப் பளிச்சுன்னு இருக்கணும்னு உத்தரவு. விடுவேனா? அத்தனையையும் எடுத்து, கம்பி நார் போட்டுத் தேய்ச்சு, திரும்ப அததுலயே போட்டேன். மூஞ்சி தெரிஞ்சுது. ரேவதி பாராட்டுவான்னு பக்கத்துலயே நின்னேன். அவ வந்து பார்த்துட்டு அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டா.

“இது கெட்டுப்போகட்டும்னுதான்க்கா இருபது நாளா காத்துக்கிட்டிருந்தேன்!”

விசாரணை

துறைத் தலைவர் சார் கூப்பிட்டார். நான் மாசாமாசம் சார் பட்டியல்ல பேர் எழுதினாத்தான் வேலைன்னு இருக்கிற தற்காலிக ஆள். அவர் வேணாம்னா, கீழ்பென்னாத்தூர்லருந்து வேற ஆள் வந்துடும்; ரெண்டு வயசுக் குழந்தையோட நான் யார் வாசல்ல போய் நிக்கிறது? தொடாதீங்கன்னு சீட்டு ஒட்டியிருந்துதே, பார்க்கலையான்னார். பார்த்தேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் படிச்சது அஞ்சாவது. அந்தச் சீட்டையும் துடைச்சுத்தான் வெச்சேன். இதையெல்லாம் சொல்லாம, தரையைப் பார்த்துக்கிட்டு, “அழுக்கைத் தொடாதேன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லைங்க சார்”னேன். அவர் ரேவதி கையில இருந்த அந்த இங்கிலீஷ் சீட்டை வாங்கி ஒரு தடவை படிச்சார். அப்புறம் அவ பக்கம் திரும்பினார்.

“முதல்லருந்து ஊற வைம்மா. இந்தத் தடவை சீட்டைத் தமிழ்ல எழுது.”

மறுபடியும் முப்பது நாள்

குவளைப் பக்கம் நான் மூச்சுகூட விடலை. கடைசி நாள் துண்டுகளை வெளியே எடுத்தா. காய்ச்சினதுல ஊசி குத்தின மாதிரி குழி கம்மி, காய்ச்சாததுல ஜாஸ்தி. அப்புறம் நடந்ததைக் கேளுங்க. ஆசிட்ல முக்கி, பிரஷ் வெச்சு அந்த வெள்ளையைத் தேய்க்க ஆரம்பிச்சா! எவ்வளவு அரிச்சிருக்குன்னு எடை போடறதுக்கு முன்னாடி தேய்ச்சே ஆகணுமாம். நான் துடைப்பத்தைப் போட்டுட்டுப் பக்கத்துல போய் நின்னேன். அந்நேரம் சார் அடுத்த மாசப் பட்டியலோட வந்தார். என் பேர் இருந்துச்சு.

“ரேவதி, இனிமே தேய்க்க இவங்களையே கூப்பிட்டுக்கோ, கடைசி நாள்ல மட்டும்.”

ஆக, அதே அழுக்கை நாள் பார்த்துத் தேய்ச்சா பட்டம், நாள் பார்க்காம தேய்ச்சா விசாரணை.