ஒரே கூரைக்குக் கீழே ரயிலும் பஸ்ஸும்

நிம்மதியாகச் சண்டை போடக்கூட வழியில்லை.

நான் வளைகுடாவில், ருவைஸில் வேலை; மனைவி இங்கிலாந்தில் நர்ஸ். காலையில் அவள் ரயிலிலிருந்து இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் பேசுவோம். பஸ்ஸில் ஏறிவிட்டால், பக்கத்தில் ஆளிருக்கிறது என்று வாயைத் திறக்க மாட்டாள்.

தீபாவளிக்கு யார் லீவு போடுவது என்ற சண்டை நேற்று பாதியில் நின்றது. இன்று வேலைக்கு நடுவே ஐந்து நிமிஷம் பேச ஃபோர்மேனிடம் கெஞ்சிவிட்டுப் போனை எடுத்தேன்.

"என்னங்க, புது ஸ்டேஷன் திறந்துட்டாங்க! ரயில விட்டு இறங்குனா எதிர்லயே பஸ்ஸு!"

"சரி, லீவு..."

"பஸ் வந்துடுச்சு, வைக்கிறேன்."

"கலாஸ் பாய்? யல்லா!" முடிந்ததா, வேலைக்கு வா என்கிறார் ஃபோர்மேன்.

அந்த ஊரில் யாராவது இருந்தால், பஸ்ஸை நாலு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். புருஷனும் பொண்டாட்டியும் ஒரு சண்டையை முழுசாகப் போட்டு முடிக்கக் கொஞ்சம் தூரம் வேண்டாமா?