மேம்பாலம் ஏறாத கார்

சித்தப்பாவின் காரில் முன் சீட்டில் உட்காருகிறவருக்கு ஒரு வேலை உண்டு. தாம்பரம் மேம்பாலம் கண்ணில் பட்டதும் ஏசியை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் வண்டி ஏறாது. உச்சிக்குப் போனதும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்தப் பொறுப்பைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தது நான்தான். உலகத்துக் கார்கள் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். தன் வீட்டுக் காரில் பாலத்துக்கெல்லாம் ஏசியை அணைப்பதில்லை என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னபோது, வாய் கூசாமல் புளுகுகிறாள் என்று அவளோடு டூ விட்டுவிட்டேன்.

எண்ணூறு சிசி சின்ன கார் அது. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இரும்புலியூரில் கீழ் வீட்டில் நாங்கள் இருந்தோம், மாடியில் சித்தப்பாவும் சித்தியும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு, ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதே சந்தேகம்தான். அப்பா கணக்கு வாத்தியார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் சித்தியின் வயிறு பெரிதாகியிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் தம்பியோ தங்கையோ வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் சித்திக்கு வலி என்று எல்லோரும் அவசரமாகக் கிளம்பினார்கள். சித்தப்பா ஓட்ட, பக்கத்தில் அப்பா. பின் சீட்டில் அம்மாவின் மடியில் தலை வைத்துச் சித்தி படுத்திருந்தார். என்னைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி கிழக்குத் தாம்பரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆபீஸ் நேரத்து நெரிசலில் கார் பாலத்தின் நடுவே நின்றுவிட்டது, கிளப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சில நாள் கழித்துச் சித்தி வீட்டுக்கு வந்தார். வயிறும் இல்லை, பாப்பாவும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். பாப்பா ஏசப்பாவிடம் இருக்கிறது, சித்தியிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றார். சரி, கிறிஸ்துமஸுக்கு அனுப்பிவைப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சித்தி அந்தக் காரில் ஏறவேயில்லை. வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்து போனார். அவர் நடக்க, பக்கத்திலேயே சித்தப்பா காரை ஊர்வலம் மாதிரி ஓட்டிக்கொண்டு வருவார். எங்களுக்குக் காரில் உட்காருவதா, இறங்கி நடப்பதா என்று புரியாது. ஒரு நாள் சித்தப்பா மாடிப்படியில் நின்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “ஃபுல் லோடுல, ஏசி போட்டு, மூணாவது கியர்லயே பாலம் ஏறணும்ணா. ஏத்திக் காட்டிட்டா அவ உக்காருவா.” எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. நின்றுபோகிற வண்டியில் யார்தான் உட்காருவார்கள்?

புது வண்டி வாங்க வசதி கிடையாது. எனவே இருக்கிற இன்ஜினுக்கே சக்தி ஏற்றுவது என்று முடிவாயிற்று. சித்தப்பா ராத்திரி பகலாக இன்டர்நெட்டில் படித்து, படித்ததை ஆபீஸ் போகிற வழியில் படப்பையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொட்டினார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், டர்போ வெச்ச வண்டினா அது காத்த புடிச்சி உள்ள தள்ளும். இது அப்டி இல்ல. அதுவா எவ்ளோ மூச்சு இழுக்குதோ அவ்ளோதான் பவரு. கொஞ்ச காசுல இன்னா பண்ண முடியுமோ பண்றேன். ராக்கெட்டு வோணும்னா வேற வண்டிதான்.”

மூச்சு விடுவதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதலில் காற்று இழுக்கும் டப்பாவைக் கழற்றிவிட்டு ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினார்கள். பிறகு அகலமான குழாயோடு வேறு சைலன்ஸர். அது வந்த நாளிலிருந்து வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் பாத்திரங்கள் அதிர்ந்தன. பெரிய சத்தம் என்றால் பெரிய சக்தி என்று நான் குதித்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார் போல. பாலத்தில் கொண்டுபோய் ஏற்றிப் பார்த்துவிட்டு முகம் தொங்கித் திரும்பி வந்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையைப் பெரிதாக்கினார்கள். வீடெல்லாம் பெட்ரோல் வாடை. பிளக்கில் பொறி தெறிக்கும் நேரத்தை முன்னால் தள்ளினார்கள். இன்ஜினுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வந்தது. மெக்கானிக்கே பயந்துபோய்ப் பழையபடி வைத்துக் கொடுத்தார்.

அடுத்து எடை. எடையைக் குறைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான சக்தி என்று சித்தப்பா கண்டுபிடித்தார். ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக மாடிக்குப் போயின. அம்மாவின் குடையைக்கூட விடவில்லை. குடை என்ன கனம் கனக்கப்போகிறது என்று அம்மா கேட்டதற்கு, எல்லாம் சேர்ந்தால் கனம்தானே அண்ணி என்றார்.

இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கனத்தைக் குறைத்த சித்தப்பா, ஒரு பெரிய அரிசி மூட்டையை முதுகில் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தார். அதன் ஒரு முனையை அம்மாவின் மடியில் வைத்தார். அப்பாவை முன்னால் உட்காரச் சொன்னார். அப்பா தனக்கு வேலை இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்துக்கொள் என்றபோது, “இல்லண்ணா, நீங்கதான் வரணும்” என்று பிடிவாதமாக நின்றார். அப்பா ஏறிக்கொண்டார். அம்மா அரிசி மூட்டையின் மேல் கை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சித்தப்பா தடுத்துவிட்டார்.

“நீ வேணாம்டா கண்ணு. நீ அன்னைக்கி வண்டியில இல்ல. நீ வந்தா கணக்கு தப்பிடும்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏசி அணைக்கிற வேலைதான் போயிற்று, இப்போது உட்காரவும் இடமில்லை. அரிசி மூட்டைக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லையா? வாசலில் உட்கார்ந்து அழுதேன். மாடி ஜன்னலில் சித்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருமுனையில் கார் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் அரிசி மூட்டை பாலம் ஏறியது. சில நாள் பாதியில் இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டிவந்தது. சில நாள் மூன்றிலேயே ஏறிற்று. ஏறிய நாளிலும் சித்தப்பாவுக்குச் சந்தோஷம் இல்லை, இன்னொரு தடவை பார்க்கணும் என்பார். மூட்டையை ஏற்றி இறக்கியே அவருக்குத் தோள் கன்றிப்போயிருந்தது.

ஒரு ஞாயிறு மாலை அப்பாவும் அம்மாவும் காரில் ஏறியிருக்க, அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு காரின் பக்கம் வந்தபோது சித்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். காலில் செருப்பு இல்லை.

“அத கீழ வைங்க.”

சித்தப்பா வைத்தார். சித்தி காரின் கதவைத் திறந்து பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! சித்தப்பாவின் முகத்தில் மட்டும் ஜெயித்த களையே இல்லை. பிறகு சித்தி என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

“இவளும் வரட்டும்.”

“இவ வேணாம்மா, கணக்கு தப்பிடும்” என்றார் சித்தப்பா.

“தப்பட்டும்.”

சித்தியின் மடியில் ஏறிக்கொண்டேன். கார் பெரிய சத்தத்தோடு கிளம்பியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கியரில் பாலத்தில் ஏறினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், எடை கொஞ்சம் குறையுமே என்று. பாதிக்கு மேல் வண்டி நடுங்க ஆரம்பித்தது. சித்தப்பா கியரின் மேல் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் இரண்டாவதுக்கு இறக்கினார். கார் முனகிக்கொண்டே உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கியது.

பாலம் முடிந்ததும் ஓர் இளநீர் வண்டியின் பக்கத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சித்தி முன்னால் சாய்ந்து அவர் தோளில் கை வைத்தார்.

“டாக்டரம்மா சொன்னத நீங்களும்தான கேட்டீங்க. வீட்டுலேருந்து கெளம்பும்போதே எல்லாம் முடிஞ்சிருந்துதுன்னு. பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் இல்லங்க. போதும், விட்ருங்க.”

சித்தப்பா ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் இப்படி மொத்தமாக அழுது நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிந்தது எது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: நான் ஏறியதால்தான் கணக்கு தப்பிவிட்டது.

“சித்தப்பா, அழாதீங்க. நான் இங்கியே எறங்கிக்கிறேன். நீங்க திரும்பப் போயி இன்னொரு தடவை ஏத்திப் பாருங்க” என்றேன்.

நான் கதவைத் திறக்கப் பார்த்தேன். சித்தி என்னை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். எவ்வளவு திமிறியும் என்னை இறங்க விடவில்லை.