கடல் இடது கைப்பக்கம் இருந்த ஊர்

கோவளத்தில் மீன் விற்பவள் நான். போர்ச்சுகலில் ஒரு கடலோர ஊரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருநாள் காலை என்னை மீன் சந்தையில் இறக்கிவிட்டு, "கரையோரமா வடக்கால நடந்து வாம்மா, வூடு வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருப்பதால், வடக்கே போனால் அது வலது கைப்பக்கம் இருக்கும். அதை நம்பி, கடலை வலது கைப்பக்கம் வைத்தே நடந்தேன். அங்கே கடல் மேற்கில் இருக்கிறது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. மேகமூட்டத்தில் சூரியனும் தெரியவில்லை.

நடக்க நடக்க வீடு வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. போனில் சார்ஜும் இல்லை. ரப்பர் செருப்பில் கால் மரத்துப்போய், யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கதவைத் திறந்த அம்மாள் என்னை உள்ளே கூட்டிப்போனார். என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் காலைத் துண்டால் துடைத்து, தான் போட்டிருந்த கம்பளிக் காலுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். நான் கூசிப்போனேன். அவர் கணவர் என் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, சூடாகச் சூப் கொண்டுவந்தார்.

போன் வேலை செய்ததும் மகள் அலறினாள். "எங்கம்மா கீற?" அவள் வந்து சேரும்வரை அந்த அம்மாள் என் கையை விடவில்லை.

இப்போதெல்லாம் கோவளத்தில் வெளிநாட்டுக்காரர் யாராவது திகைத்து நின்றால், கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரிடம் போகிறேன்.

"இன்னா பாஷையில பேசுவ நீ?" என்று பக்கத்துக் கடைக்காரி சிரிக்கிறாள்.

எனக்குக் காலுறை மாட்டிவிட்டவருக்கு மட்டும் தமிழ் தெரியுமா என்ன?