பெட்டியை நகர்த்திய வெள்ளிக்கிழமை

வில்லாபுரம் தாண்டி என் மகன் வீடு கட்டியபோது சுற்றுச்சுவர் எழுப்பவில்லை. வாசலை அடுத்து லாரி போகிற ரோடு. எங்கள் செவலை நாய்க்கு சைக்கிளைக் கண்டால் விரட்டாமல் இருக்க முடியாது, கட்டிப்போட்டால் ஊளையிடும். அதனால் மகன் கம்பியே இல்லாத ஒரு வேலியை வரவழைத்தான்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். புரிந்த அளவில் சொல்கிறேன். வீட்டுக்குள் ஒரு பெட்டியைக் கரண்டில் மாட்டினால் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத வட்டம் ஒன்று உண்டாகும். நாயின் கழுத்தில் ஒரு பட்டை. வட்டத்தின் ஓரத்துக்குப் போனால் பட்டை கத்தும். மீறிப் போனால் சுள்ளென்று ஷாக் அடிக்கும்.

நாயைப் பழக்கியது நான்தான். ஓரம் நெடுக மகன் சின்ன வெள்ளைக் கொடிகள் நட்டிருந்தான். கயிற்றில் பிடித்துக்கொண்டு கொடி வரைக்கும் போவேன். பட்டை கத்தியதும், “அம்மாட்ட வாடா” என்று உள்ளே கூப்பிட்டு ஒரு பொறை ரொட்டி கொடுப்பேன். சத்தம் கேட்டால் என் குரல் இருக்கிற பக்கம் ஓடி வந்துவிட வேண்டும், வந்தால் வலிக்காது. இரண்டு வாரத்தில் அதைப் படித்துக்கொண்டது.

பெட்டி இருந்தது சாமி அலமாரிக்குக் கீழே. நாய்ச் சாமான் அங்கே இருப்பது எனக்கு உறுத்தியது. மகனிடம் சொல்லக் கூச்சம். ஒரு வெள்ளிக்கிழமை அவன் தல்லாகுளத்துக்கு வேலைக்குப் போனதும், வீட்டைக் கழுவிவிட்டுப் பெட்டியைப் பின்னறையில், தகர அரிசி டிரம்முக்குப் பின்னால் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

மத்தியானம் வாசல் வேப்பமரத்தடியில் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன். கொல்லையிலிருந்து ஓடி வந்தது. பாதியில் பட்டை கத்த, நின்று என்னைப் பார்த்தது. கொடி எனக்குப் பின்னால் தூரத்தில் இருந்ததால் பட்டை சும்மா கத்துகிறது என்று நினைத்தேன்.

“அம்மாட்ட வாடா.”

வந்தது. வீலென்று அலறித் துள்ளியது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் வந்தது.

அதன்பின் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டது.

“அத்தே, இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. கிட்டப் போனா உர்ருங்குது,” என்றாள் மருமகள்.

சாயங்காலம் மகன் வந்து பட்டையைப் பார்த்தான். “பேட்டரி நல்லாத்தான இருக்கு. ஞாயித்துக்கிழமை எழுமலை தோட்டத்துல கொண்டு போயி விட்டுர்றேன்.”

பெட்டியால்தான் இருக்குமோ என்று அப்போதே மனசுக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமையும் திறக்கவில்லை.

ஞாயிறு காலையில் மகன் சங்கிலி போட்டு இழுத்தபோது அது காலை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது.

“பெட்டிய நான்தான்ப்பா மாத்துனேன். டிரம்முக்குப் பின்னாடி. சாமிக்குக் கீழ நாய்ச் சாமான்னு...”

“சாமி வந்து ஒங்கிட்டச் சொல்லுச்சாக்கும்! பெட்டி போற எடத்துக்குத்தாம்மா வட்டமும் போகும். தகரத்துக்குப் பின்னாடி வேற வச்சிருக்க, அம்புட்டும் சுருங்கிப் போச்சு. வாசப்பக்கம் பூராம் வெளிய ஆயிருச்சு.” சங்கிலியை விட்டான். “ரெண்டு நாளா ஏம்மா சொல்லல?”



பெட்டி பழைய இடத்துக்குப் போனது. நாயும் எங்களோடுதான் இருக்கிறது. மருமகள் கூப்பிட்டால் வாலாட்டி ஓடுகிறது. என் குரல் கேட்டால் மட்டும் காதை மடக்கிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போய்விடும். அதனால் நான் கூப்பிடுவதில்லை. சோற்றுத் தட்டை அது இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே வந்துவிடுகிறேன். நான் உள்ளே வந்த பிறகுதான் அது வாய் வைக்கும்.