பதினோராயிரம் அடி

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் ஒரு விமானம் எப்படித் தன் உயரத்தைத் தவறவிடும் என்பதை மூன்று வருடம் தினமும் தட்டச்சு செய்தேன்.

வண்ணாரப்பேட்டையில் துணி மொத்தக் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடி. தெருவுக்கொரு டேட்டா என்ட்ரி சென்டர் முளைத்திருந்த காலம். எங்களுக்கு வந்தவை, வெளிநாட்டு விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே எழுதி அனுப்பிய தாள்கள். பெயர் இருந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஒப்புக்கொண்டால் தண்டனை கிடையாதாம். அப்படியும் ஓர் உலகம் இருக்கிறதே என்று இருக்கும்.

பெரும்பாலும் இறங்கும்போது நடந்த தவறுகள். இந்த உயரத்தில் நில் என்று தரையிலிருந்து சொல்லியிருப்பார்கள். விமானிகளில் ஒருவர் அந்த எண்ணைக் கருவியில் திருகி வைப்பார். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சரி என்பார். சரி என்றவர் பார்த்திருக்க மாட்டார். நிற்க வேண்டிய உயரத்தைக் கடந்து விமானம் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கும் அப்போது அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மனைவி பிரிந்து போயிருந்தாள். திருவொற்றியூரில் ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் கடல் வராது, கன்டெய்னர் லாரிகளின் புகைதான் வரும். சில நாட்களில் வெளியே நான் பேசியது "வண்ணாரப்பேட்டை ஒரு ரிட்டன்", "ஒரு டீ", அவ்வளவுதான்.

ஆபீஸிலும் பேசக் கூடாது. ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இருவர் அடித்ததையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். வேறுபட்ட இடம் சிவப்பாகத் தெரியும். சூப்பர்வைசர் மேடம் மூலத்தைப் பார்த்து யார் தவறு என்று குறிப்பார். சிவப்பு ஏறினால் வேலை போகும்.

என் ஜோடி பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார். தண்டையார்ப்பேட்டை பாய், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஹார்பரில் கிளியரிங் ஆபீஸ் வேலை போய் இங்கே வந்தவர். சர்க்கரை அவர் கண்ணில் இறங்கியிருந்தது. அதை மறைத்துத்தான் வேலை பார்த்தார்.

"மாமு, இன்னா போட்டே? எனக்கு எறும்பு ஊர்ற மாரி கீது."

"எட்டாயிரத்து ஐநூறு, பாய்."

"எட்டா, மூணா? கரீட்டா பாத்து சொல்லு."

"எட்டுதான்."

"எட்டுன்னா எட்டு. நீதான் பைலட்டு. நான் பக்கத்து சீட்டு, குந்திகினு வரேன்."

இரக்கத்தால் உதவினேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். ஒரு நாளைக்குப் பத்து முறை ஒரு குரல் தடுப்பைத் தாண்டி என்னைத் தேடி வந்தது. அவர் கேட்காத நாட்களில் நான் இருமிக் காட்டினேன். பிறகு அவர் கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கினேன், அவருக்குத் தெளிவாகத் தெரியும் எண்களையும்கூட. எங்கள் திரையில் சிவப்பே வராமல் போனது. மேடம் எங்களை நல்ல ஜோடி என்றார்.

ஒரு நாள் மங்கலான ஃபேக்ஸ் தாள். "பத்தாயிரம், பாய்" என்றேன். அந்தப் பக்கம் விசைகளின் ஓசை நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு ஓடியது.

இரண்டு வாரத்தில் வெளிநாட்டிலிருந்து கேள்வி வந்தது. மூலத்தில் இருந்தது பதினோராயிரம். அங்கே நிற்கச் சொன்னதை மீறிப் பத்தாயிரத்துக்கு இறங்கிவிட்டதுதான் அந்த விமானி எழுதிய குற்றமே. நாங்கள் அடித்தபடி பார்த்தால் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. செய்யாத குற்றத்தை எதற்காக ஒப்புக்கொள்கிறார்?

மேடம் இருவரையும் நிற்க வைத்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்? யார் கேட்டு யார் சொன்னது?"

அன்று பாய் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. வேலை போனால் பகலுக்கும் அந்த அறைதான் என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்து நின்றது.

"நான்தான் கேட்டேன் மேடம்," என்றார் பாய். "கண்ணு பேஜாரு பண்ணுது. அவரு இன்னா பண்ணுவாரு?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும் பாய். நாளைலேர்ந்து வேணாம்."

பாய் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மாடிப்படியில் ஓடிப் பிடித்தேன்.

"பாய், அன்னிக்கு நீங்க கேக்கவேயில்லியே!"

"தெரியும்டா. புதுக் கண்ணாடி போட்டுகினு வந்தேனே? பதினொண்ணுன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. நீ பத்துன்னே. என் கண்ணுதான் கலீஜாச்சேன்னு பத்தே போட்டேன்." சிரித்தார். "பக்கத்து சீட்டுக்காரன் வாயத் தொறந்திருக்கணும் மாமு. சரி, மேல போ. மேடம் தேடும்."

போனேன். அதைத்தான் செய்தேன், மேலே போனேன்.

திருத்தி அடிக்க அந்தத் தாள் எனக்கே வந்தது. இந்த முறை கடைசிவரை படித்தேன். எழுதியவர் துணை விமானி. கேப்டன் வைத்த எண் தவறென்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று முடித்திருந்தார். தடுப்புக்கு அப்பால் வந்த புதுப் பெண் எதுவும் கேட்கவில்லை. சிவப்பு நிறைய வந்தது, அவளுக்கும் எனக்கும்.

பாய் வீடு தண்டையார்ப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் என்று மட்டும் தெரியும். வேலைக்குப் போகும் ரயில் தினமும் அங்கே நின்றது. வாசலுக்கு அருகில்தான் நிற்பேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி மறுபடி நகரும் வரை.