கால்மாட்டில் ஒரு மாப்பிள்ளை

போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு வாரம். கோபிசெட்டிபாளையத்தில் வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போன என் மாமனார், வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மாவுக்கட்டுப் போட்டு, ஓரிரு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். மறுநாள் காலையில் என் மனைவி குளித்து உடை மாற்றி வர வீட்டுக்குக் கிளம்பினாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் அவள் என்னை நம்பிப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அடுப்பிலிருந்த பாலை. அது என்ன ஆயிற்று என்பது எங்கள் வீட்டில் இன்னும் பேசப்படுகிறது.

வார்டில் இருந்த சிஸ்டர் என் வயதுக்காரர். பேச்சில் ஈரோட்டுப் பக்கம் தெரிந்தது. மாமனாரின் காலுக்குக் கீழே இரண்டு தலையணைகளை வைத்து உயர்த்தினார். கால் உயரத்திலேயே இருந்தால்தான் வீக்கம் ஏறாது என்றார். கட்டு இறுக்கினாலும், விரல் மரத்தாலும், வலி கூடினாலும் உடனே மணியை அழுத்தச் சொன்னார். நான் மாணவர் தலைவன் போலத் தலையாட்டினேன். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது. கையில் தடிமனான புத்தகம் ஒன்று இருந்தது.

எங்கள் பக்கத்து மாமனார்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மருமகன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து நிற்பார்கள். மடித்துக் கட்டிய வேட்டி இறங்கிவிடும். கால் மேல் கால் போடுவது, காலை நீட்டி உட்காருவது எல்லாம் மருமகன் ஊருக்குப் போன பிறகுதான். என் மாமனார் இதில் இன்னும் ஒரு படி மேல். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் என்னைப் புதுமாப்பிள்ளை போலவே நடத்துகிறவர். அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்கும் தெரியவில்லை, அவர் மகளுக்கும் தெரியவில்லை.

சிஸ்டர் அடிக்கடி வந்தார். ஒவ்வொரு முறையும் கால் விரல்களை அழுத்திப் பார்த்தார், அசைக்கச் சொன்னார், வலி எப்படி என்று கேட்டார். மாமனார் புன்னகை மாறாமல், "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள், எங்கள் மாமா ரொம்ப உறுதியான ஆள், வலிக்கெல்லாம் அசைய மாட்டார் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. கோவையில் மின்விசிறிக்குக் கீழே, ஐப்பசி மாதத்தில் ஒருவருக்கு ஏன் வியர்க்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. என் புத்தகத்தில் விறுவிறுப்பான கட்டம்.

சிஸ்டரைக் குழப்பியது தலையணைகள்தான். எத்தனை முறை வைத்தாலும் அடுத்த முறை வரும்போது அவை தரையில் கிடந்தன, கால் மெத்தையில் கிடந்தது. கேட்டால், "சரிஞ்சு போச்சுங்க" என்பார் மாமனார். நானும் மெத்தை உறை வழுக்குகிறது என்று என் ஆராய்ச்சி முடிவைத் தெரிவித்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்த சிஸ்டர், தரையில் கிடந்த தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். மாமனாரைப் பார்த்தார். பிறகு கால்மாட்டிலிருந்த என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏனுங்க, இவருக்கு நீங்க மகனுங்களா, மருமகனுங்களா?"

மருமகன் என்றேன், சற்றுப் பெருமையாகவே.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

மருத்துவமனைத் திரை பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது. முதலில் சிஸ்டர் மறுபடியும் வலியைப் பற்றிக் கேட்டார். பிறகு, இத்தனை வருடத்தில் நான் கேட்டேயிராத ஒரு குரலில் மாமனார் முனகினார்.

"தாங்க முடியலீங்க அம்மணி. காலைல புடிச்சுக் கட்டு நெரிக்குது. வெரல் மரத்துப் போச்சு."

"எத்தன வாட்டி கேட்டேன். சொல்லோணுமில்லீங்கப்பா?"

"மாப்பிள்ளை உக்காந்திருக்கறாருங்களே. அவரு முன்னால எப்படீங்க கத்தறது?"

"தலகாணிய நீங்கதான் தள்ளிவுட்டீங்களா?"

"நேரா அவரு மூஞ்சிக்குக் கால நீட்டிட்டுப் படுக்கச் சொல்றீங்களே, அது நல்லா இருக்குதுங்களா?"

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிஸ்டர் டாக்டரை அழைத்தார். மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டித் தளர்த்தினார்கள். உள்ளே கால் வீங்கி, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. இன்னும் தாமதித்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று தசை செத்திருக்கும், காலையே இழக்க நேர்ந்திருக்கும் என்று டாக்டர் சாவகாசமாகச் சொன்னார்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "எங்க ஊட்லயும் இதே கதைதானுங்க. எங்கப்பா, என்ர வீட்டுக்காரரு வந்தா காச்சலோட எந்திரிச்சு உக்காருவாரு. எனக்கே இது மொதல்லயே தோணியிருக்கோணும்" என்றார். பிறகு என் நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய், மாமனாரின் பார்வை படாத தலைமாட்டு மூலையில் போட்டார். "இங்க உக்காருங்க. நான் பாக்க வாரப்ப எந்திரிச்சு வெளிய போயிருங்க. அதுவே நீங்க செய்யற பெரிய ஒத்தாசை." சாயங்காலம் வந்த என் மனைவியிடமும் அவர் இதையே சொன்னார். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

இப்போதெல்லாம் நோயாளிகளைப் பார்க்கப் போனால், நர்ஸ் வந்ததும் யாரும் சொல்லாமலே வெளியே போய்விடுகிறேன். படுத்திருப்பவர் சார்பில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

தை மாதம் கோபிக்குப் போயிருந்தோம். மாமனார் கட்டிலில் சாய்ந்திருந்தார், காலுக்குக் கீழே தலையணை. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் காலை இழுக்கப் பார்த்தவர், பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை என் பக்கமாகவே நீட்டிக்கொண்டு, "குடைச்சலா இருக்குதுங்க மாப்ளே" என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் செய்த மரியாதைகளிலெல்லாம், என் மூஞ்சிக்கு நேரே நீண்ட அந்தக் காலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.