சாப்பாட்டு மேசைக் காட்சி

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தும் ஒரே ஓர் ஆங்கிலப் படத்தை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். துபாயில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு டிவிடி பிளேயரும் பை நிறைய சிடிக்களும் கொண்டுவந்திருந்தார். கார் பறக்கிற, கட்டடம் வெடிக்கிற படங்கள்தான் அத்தனையும். அவற்றுக்கு நடுவே எப்படியோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சித்தப்பா ஒருநாள் உட்கார்ந்து கதையை மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி விமானம் ஏறிப் போய்விட்டார்.

இருண்ட கதை. ஒரு பெரிய பங்களா. புருஷன் செய்த தப்புகள் எல்லாம் வெளியே வரப்போகிற நேரம். அவனைக் காப்பாற்றக்கூடிய பெரிய மனிதர்களை விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். எல்லோரும் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, வேலைக்காரன் வந்து அந்த வீட்டு அம்மாளின் காதில் ஏதோ சொல்கிறான். அவளுடைய ஒரே பிள்ளை ஏரியில் மூழ்கி இறந்துவிட்டான் என்ற சேதி. அவள் எழுந்திருக்கவில்லை. முகத்திலிருந்த சிரிப்பும் போகவில்லை. விருந்தாளிகளுக்கு சூப் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். எல்லோரையும் வழியனுப்பி, வாசல் கதவைச் சாத்திய பிறகுதான் அந்தக் கதவிலேயே சரிந்து உட்கார்ந்து வீடே அதிர அழுகிறாள்.

அப்பாவுக்கு இந்தப் படம் பிடிக்காது. அவர் வாலிபத்தில் ஊர்த் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். குரல் கடைசி வரிசை வரை கேட்டால்தான் அது நடிப்பு என்பது அவர் கட்சி. பிள்ளை செத்த சேதி கேட்டவள் சூப் ஊற்றுவதாவது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒன்பது வயதில் நானும் அவர் கட்சிதான். அந்த அம்மாள் ஒன்றுமே செய்யவில்லையே என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாக்காதடி. கரண்டியப் பாரு" என்றாள் அம்மா.

பார்த்தேன். அவள் ஒருவருக்கு சூப் ஊற்றுகிறாள். அடுத்தவருக்கு ஊற்றுகிறாள். பிறகு முதலில் ஊற்றியவருக்கே திரும்பவும் ஊற்றுகிறாள். அந்த ஆள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் குடிக்கிறான். அவ்வளவுதான். அந்த இடம் வந்தால் அம்மா கைவேலையை அப்படியே போட்டுவிடுவாள். கதவைச் சாத்தி அவள் அழும்போது அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே அழுவாள். உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாது.

அந்த வருஷம் பங்குனியில் என் அத்தைக்கு மன்னார்குடியில் கல்யாணம் நடந்தது. அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அதற்கு முன்பே ஒரு இடத்தில் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டில் ஒரு பங்காளி இறந்துபோனதால் நின்றுபோயிருந்தது. தள்ளிவைப்போம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு பெண்ணுக்கு ராசியில்லை என்று கைகழுவிவிட்டார்கள். செத்தது அவர்கள் வீட்டுக் கிழவர், ராசியில்லாமல் போனது எங்கள் அத்தை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த முறை வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் அந்தக் கதை தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பா நிச்சயதார்த்தத்தன்றே, இன்னொரு தடங்கல் வந்தால் தாங்கள் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் மண்டப வாசலில் அம்மா பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் என் பொறுப்பு. அப்போது ஒருவர் மொபெட்டில் வந்து வாழை மரத்துக்கு வெளியே நிறுத்தினார். திருப்பனந்தாள் பக்கத்தில் அம்மாவின் ஊர்க்காரர். அங்கே தாத்தாவின் வயலைப் பார்த்துக்கொள்பவர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர் என்பதால் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம் பாப்பா, அம்மாவைக் கூப்பிடு என்றார். கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சந்தனம்கூட எடுத்துக்கொள்ளாத மனுஷரா என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மா போனாள். அவர் காதோடு ஏதோ சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா திரும்பி வந்து பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார், தெளித்தாள். வாங்க, வாங்க என்று சிரித்தாள். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் இன்னொரு முறை தெளித்தாள். "என்னம்மா, குளிச்சுட்டுதான் வந்தேன்" என்று அவர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்குச் சாவுச் சேதி வந்தால், தாலி ஏறும்வரை அது யார் காதிலும் விழவில்லை என்று வைத்துக்கொள்வார்கள். சேதி காதில் விழாதவரை தீட்டும் இல்லை. முதலில் கேட்டவர் அதை விழுங்கிவிட வேண்டும். மற்ற எல்லோருக்கும் அது நல்ல காலையாகவே இருக்கும். கேட்டுவிட்டவருக்கு மட்டும்தான் வேறு, தீட்டும் அவருக்கு மட்டும்தான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தாலித் தட்டை ஐயர் எடுத்து நீட்டியபோது அதை வாங்க வேண்டிய அம்மா என்னை முன்னால் தள்ளியதுதான். "நீ கொண்டு போடி. எல்லாரும் தொட்டுக் கும்பிடட்டும். பதனம்" என்றாள். தேங்காயின் மேல் மஞ்சள் கயிற்றோடு தாலி இருந்தது. அந்தத் தட்டை என் கையில் கொடுத்ததும் நான் ஒரு சாண் வளர்ந்துவிட்டேன். வரிசை வரிசையாகக் கொண்டுபோனேன். பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் எனக்கு முன்னால் குனிந்தார்கள். கடைசியாக அம்மாவிடம் நீட்டினேன். அவள் அரை அடி பின்னால் நகர்ந்து, "போ, போ, நேரமாச்சு" என்றாள். மண்டபத்தில் எல்லோரும் தொட்ட தட்டை அம்மா மட்டும் தொடவில்லை. எனக்கு முகம் வாடிப்போயிற்று.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். அம்மா தூணோரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் மூடியே இருந்தது.

அதன் பிறகுதான் அப்பாவைப் பந்திக் கூடத்துக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள், தாத்தா விடியற்காலையில் போய்விட்டார் என்று. கடைசி வரிசை வரை குரல் கேட்க ராஜா வேஷம் போட்ட அப்பா, கிணற்றடியில் உட்கார்ந்து சத்தமே வராமல் அழுதார். மாமனார் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

"இதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லல" என்றாள் அம்மா. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

நாங்கள் சாப்பிடாமல் பின்வாசல் வழியாகக் கிளம்பினோம். வழியெல்லாம் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிப் போட்டிருந்தார்கள். கார் அதன்மேல் ஏறித்தான் போனது. அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். பிறகு வலது கையைத் திறந்தாள். அட்சதை வியர்வையில் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. கை முழுக்க மஞ்சள். அதை என்ன செய்வதென்று தெரியாதவள்போல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தாத்தா வீட்டு வாசலில் பெரியம்மா மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் நாடகக் கண்ணோடு பார்த்தால் பெரியம்மாவுக்குத்தான் முதல் பரிசு. அம்மா கல்யாணப் பட்டுப் புடவையோடு போய் தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். தூக்கியபோதும் அழவில்லை. பெற்றவர் சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்றும், பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள் என்றும் பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. மற்றவர்களைப்போல அழுதுவிட்டால் என்ன என்று மனசுக்குள் அம்மாவைக் கெஞ்சினேன்.

அத்தை நன்றாக வாழ்ந்தாள். அடுத்த தையில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்த்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம் அம்மா அந்தப் படத்தைப் போட்டாள். வெகு நாளைக்குப் பிறகு போட்டிருக்கிறாளே என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விருந்துக் காட்சி வந்தது. அப்பா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மாள் ஒரே ஆளுக்கு இரண்டு முறை சூப் ஊற்றினாள். அம்மா மெல்லத் தலையாட்டினாள். பிறகு கதவு சாத்தப்பட்டது. அந்த அம்மாள் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். முந்தானையைத் தேடப்போகிறாள் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் சரி. இனிமேதான் நடிப்பு" என்றாள்.

நன்றாகத்தானே அழுகிறாள் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் அழறா. கதவச் சாத்துன உடனே அவளுக்கு வந்துடுது பாரு."

சொல்லிவிட்டு, ரிமோட்டை எடுத்து அந்த அழுகையை நிறுத்தி, படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி சாப்பாட்டு மேசைக்கே கொண்டுபோனாள். அம்மாவுக்குப் படம் பார்க்கும் ரசனை மாறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எல்லோரும் எழுந்துபோன அந்த விருந்தில் அம்மா மட்டும் இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.